ஃபார்முலாவுக்கு முன்னால் ஒரு படம்

அன்புள்ள கண்ணா,

போனில் பேசும்போது உன் குரலே சரியில்லை. "ஃபார்முலா எல்லாம் தெரியும்மா, கணக்கைப் பார்த்தா எதை எடுக்கணும்னுதான் தெரியல" என்றாய். எஸ்.ஓ.எம். (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், பொருட்கள் சுமையை எப்படித் தாங்குகின்றன என்கிற பாடம்) படிக்கிற பிள்ளைகள் பலரும் வந்து நிற்கிற இடம் இதுதான். பேச்சில் சொன்னால் மறந்துவிடும் என்று எழுதுகிறேன். பென்சிலும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. சுமை எந்த வழியாகப் போய் எங்கே இறங்குகிறது, அதனால் அந்தப் பொருள் எப்படி வளைகிறது, முறுகுகிறது, நீள்கிறது என்று படம் போட்டுப் பார்த்த பிறகுதான் ஃபார்முலாவைத் தொட வேண்டும். உன் பாடப்புத்தகத்தில் ஃப்ரீ பாடி டயகிராம், அதாவது பொருளைத் தனியாகப் பிரித்து அதன் மேல் வருகிற விசைகளை மட்டும் போடுகிற படம், ஒரு சின்னப் பகுதியாக வந்து போயிருக்கும். என்னைக் கேட்டால் பாடத்தில் பாதி அதுதான்.

கலிலியோ 1638-ல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு பெரிய சலவைக்கல் தூணைப் படுக்கவைத்து, இரண்டு முனைப் பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். நடுவில் முறிந்துவிடுமோ என்று பயந்து, ஒருவர் நடுவிலும் ஒரு முட்டு வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. சில மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் புது முட்டுக்கு நேர் மேலேயே தூண் பிளந்து கிடந்தது. முனை முட்டுகளில் ஒன்று நாளாவட்டத்தில் உளுத்து இறங்கிவிட்டது, நடு முட்டு மட்டும் அசையவில்லை. தூணின் ஒரு பாதி அந்தரத்தில் தொங்கிவிட்டது.

இதைக் கதையாகப் படித்துவிட்டுப் போய்விடாதே, கணக்காகப் போட்டுப் பார். முட்டுகள் சரியாக முனைகளிலேயே இருந்தால் நடுவில் பெண்டிங் மொமென்ட், அதாவது தூணை வளைக்கப் பார்க்கிற திருப்புவிசை, wL²/8 (w ஓர் அலகு நீளத்தின் எடை, L தூணின் நீளம்). ஒரு முனை முட்டு போய், பாதித் தூண் தொங்கும்போது நடு முட்டின் மேல் வருவதும் அதே wL²/8. அளவு மாறவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. முன்பு இழுபட்டது அடிப்பக்கம், இப்போது இழுபடுவது மேல்பக்கம். அப்படியானால் ஏன் முறிய வேண்டும்? முட்டுகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒவ்வொரு முனையிலிருந்தும் 0.1L தூரத்தில் வைத்துப் பார். நடுவில் மொமென்ட் பழைய அளவில் 60 சதவீதமாகிவிடும். 0.207L-க்குத் தள்ளினால் நடுவில் வருகிற மொமென்டும் முட்டின் மேல் வருகிற மொமென்டும் சமமாகி, கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் நிம்மதியாகக் கிடந்த தூணுக்கு நடு முட்டும் வைத்து, முனை முட்டும் இறங்கினால் மறுபடி முழு wL²/8 வந்து உட்கார்ந்துகொள்ளும். சலவைக்கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் இழுபடும் மேல்பக்கத்தில்தான் விரிசல் தொடங்கும். மூன்று முட்டு வைத்த பீமில் (இந்தத் தூணைப் போலப் படுக்கையாகக் கிடந்து சுமை தாங்குவது) எந்த முட்டு எவ்வளவு இறங்குகிறது என்று தெரியாமல் சுமை எப்படிப் பிரிகிறது என்று சொல்லவே முடியாது. இன்டிடர்மினேட் பீம் என்று உன்னைப் பயமுறுத்துகிற பாடத்தின் சாரமே இதுதான்.

அதே புத்தகத்தில் சுவரில் பதித்த பீமையும் கலிலியோ ஆராய்கிறார். வெட்டுமுகம் முழுக்க ஒரே அளவு இழுபடுகிறது, பீம் அடி விளிம்பில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டார். அப்படிப் போட்டால் தாங்கும் மொமென்ட் நம் M = σbh²/6 (σ ஸ்ட்ரெஸ், அதாவது ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை; b அகலம், h உயரம்) கணக்கைப் போல மூன்று மடங்கு வரும். உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப பலம் கூடும் என்பதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டார். மேலே இழுவை, கீழே அமுக்கம், நடுவில் இரண்டும் இல்லாத நியூட்ரல் ஆக்சிஸ் என்கிற படம் தெளிவாவதற்கு அவருக்குப் பிறகு நெடுங்காலம் பிடித்தது. அத்தனை பெரிய மூளைகள் உழைத்து எடுத்த படம் உனக்கு ஒரே வாரத்தில் பிடிபடவில்லை என்று மனம் தளராதே.

யூனிட்டில் தடுமாறாமல் இருக்க ஒரு வழி: எல்லாவற்றையும் நியூட்டன், மில்லிமீட்டரில் எழுது. விடை நேராக மெகாபாஸ்கலில் வரும்.

பலம் வேறு, விறைப்பு வேறு. இதில் அனுபவசாலிகளே குழம்புவதை நான் பார்த்திருக்கிறேன். மைல்டு ஸ்டீலானாலும் விலை கூடிய அலாய் ஸ்டீலானாலும் விறைப்பைச் சொல்கிற யங் மாடுலஸ் (E) ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல்தான். அலுமினியத்துக்கு 70. ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அதிகமாக வளைகிறது என்றால் உயர்ந்த ஸ்டீல் போட்டுப் பயனில்லை. விட்டத்தை 20 சதவீதம் கூட்டு. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் போவதால் வளைவு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

எங்கள் பிளான்டில் ஒரு பம்ப் ஷாஃப்ட் உடைந்தபோதும் இப்படித்தான், மெட்டீரியல் சரியில்லை, உயர்ந்த கிரேடு வாங்குவோம் என்றார்கள். நான் உடைந்த முகத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விட்டம் மாறுகிற படியின் மூலையில் ஒரு புள்ளி. அங்கிருந்து வழவழவென்ற பரப்பு, அதில் அலை ஒதுங்கிய மணலில் தெரிகிற மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். எதிர்ப்பக்க ஓரத்தில் மட்டும் சொரசொரப்பான சின்னத் திட்டு. அந்தத் திட்டுதான் கடைசியில் ஒரேயடியாக முறிந்த இடம். அது அவ்வளவு சின்னதாக இருந்தால் ஷாஃப்டின் மேல் சுமை குறைவு என்று அர்த்தம், முக்கால்வாசி வெட்டுமுகம் போன பிறகும் மிச்சம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் ஒரு நாளைக்கு 21.6 லட்சம் தடவை அந்த மூலை இழுபட்டு அமுங்குகிறது. யீல்டு ஸ்ட்ரெஸ்ஸுக்கு (பொருள் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) எவ்வளவோ கீழே இருந்தாலும் இப்படித் திரும்பத் திரும்ப வருகிற ஸ்ட்ரெஸ் உடைத்துவிடும் என்பதை ரயில் அச்சுகளை ஆராய்ந்த வோலர் 19-ம் நூற்றாண்டிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். அந்த மூலையில் ஃபில்லட் ரேடியஸ் (மூலையை உருட்டிவிடுகிற வளைவு) கூட்டிப் புது ஷாஃப்ட் கடைந்தோம். கிரேடு அதேதான்.

இனி நீ கேட்ட கணக்கு. இரண்டு சுவருக்கு நடுவில் இறுக்கிய ஸ்டீல் கம்பி, 100 டிகிரி சூடாகிறது, "நீளமே கொடுக்கலம்மா, கணக்கு தப்பா?" என்றாய். தப்பில்லை. படம் போடு: முதலில் ஒரு சுவரை எடுத்துவிட்டுக் கம்பியை நீள விடு, αLΔT (α ஒரு டிகிரிக்கு நீளும் விகிதம், ΔT ஏறிய சூடு). பிறகு அதே அளவு திரும்ப அமுக்கு, σL/E. இரண்டையும் சமன் செய்தால் L அடிபட்டுப் போகும். α ஒரு டிகிரிக்கு 12×10⁻⁶, ஆகவே டிகிரிக்கு 2.4 மெகாபாஸ்கல், 100 டிகிரிக்கு 240. மைல்டு ஸ்டீலின் யீல்டு 250-ஐ ஒட்டி வந்துவிட்டது, பார்த்தாயா? ஆனால் அமுக்கம் என்றதும் இன்னொரு கேள்வி வர வேண்டும்: கம்பி வளைந்து விலகிவிடாதா? அமுக்கினால் கம்பி எப்போது வளைந்து விலகும் என்று சொல்கிற ஆய்லர் ஃபார்முலாவில், இரு முனையும் பதித்ததாக வைத்துப் போட்டுப் பார். இந்தத் தடவை அடிபடுவது E, நீளம் திரும்ப உள்ளே வரும். உருண்டைக் கம்பியாக இருந்தால் நீளம் விட்டத்தைப் போல 45 மடங்கைத் தாண்டும்போது, 100 டிகிரி ஆவதற்குள் கம்பி வளைந்துவிடும். அந்த 45 எப்படி வந்தது என்று போட்டு, படத்தோடு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா