மார்ஸ்டர்ஸ் வீட்டுத் தாய்மார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையற்காரர், அதெல்லாம் சரி. கடைசிப் பத்தியில் பசிபிக் கடலில் குக் தீவுகள் நாட்டைச் சேர்ந்த பாமர்ஸ்டன் தீவைத் தொட்டு, மார்ஸ்டர்ஸ் என்ற ஒற்றை ஆள் உருவாக்கிய ஊர் என்று முடித்துவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

வில்லியம் மார்ஸ்டர்ஸ் 1863இல் அங்கே குடியேறி, கொப்பரைக்காகத் தென்னை வளர்த்தார். ஆனால் அவர் தனியாகப் போகவில்லை. அதே குக் தீவுகளின் பென்ரின் தீவைச் சேர்ந்த பெண்கள் இருவர் மனைவியராக உடன் போனார்கள். அப்புறம் மூன்றாவதாக ஒருவரும் சேர்ந்தார். இன்று தீவில் ஏறக்குறைய எல்லோருக்கும் மார்ஸ்டர்ஸ் என்றுதான் பெயர். அப்படியானால் யார் எந்த வீடு என்று எப்படிச் சொல்வது? எந்த மனைவியின் வழி என்று பார்த்துத்தான். நிலமும் அப்படியே மூன்று பங்கு. ஒரே கிளைக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்பது அவர் போட்டுவிட்டுப் போன விதி. நம் ஊர்க் கணக்கில் மூன்று கிளையாருமே பங்காளிகள். பெண் கேட்டுப் போனால் அடிதான் விழும்! அங்கே வேறு வழியில்லை.

வீட்டில் பேசுவதும் ஆங்கிலம்தான். குக் தீவுகளின் மற்ற இடங்களில் மாவோரி மொழி புழங்க, இங்கே அப்பனின் பேச்சே நிலைத்துவிட்டது. ஆகப் பெயரும் மொழியும் அவருடையவை. ஊரின் அமைப்பு அந்த மூன்று பெண்களுடையது. கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. அந்தப் பெயர்க்காரர்கள் அந்தத் தீவோடு நின்றுவிடவில்லை. விமான நிலையம் கிடையாது, சரக்குக் கப்பல் வருடத்துக்குச் சில தடவைதான் எட்டிப் பார்க்கும். அதனால் தீவில் இருப்பவர்கள் 60 பேருக்கும் குறைவு. அதைப் போலப் பல மடங்கு ஆட்கள் சுமார் 500 கிலோமீட்டர் தள்ளியுள்ள, குக் தீவுகளின் தலைமைத் தீவான ரரோடோங்காவிலும் நியூசிலாந்திலும் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரான டாம் மார்ஸ்டர்ஸ் 2013இல் குக் தீவுகளில் பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியாகப் பதவியேற்றார். கொப்பரை வியாபாரத்துக்குப் போன ஆங்கிலேயரின் பெயர் அரச மாளிகைக் கடிதத்தாளில் ஏறியது வேடிக்கைதான்.

மறுபடி இந்தத் தீவைப் பற்றி எழுதினால், மூன்று தாய்வழிகளையும் காட்டும் வம்சப் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.

வாசகர், திண்டுக்கல்