தோட்டா டை வாங்குவதற்கு முன் அளவு எடு

உ
சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் ஆத்தாளும் நலம். அங்கே நீ, மருமகள், பேத்தி எல்லோரும் நலமாக இருக்க பிள்ளையார்பட்டியான் துணை.

சுட்ட தோட்டாக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் டை (அச்சு) செட்டுகளின் படங்களை நீ அனுப்பியதைப் பார்த்தேன். எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஆயுள் முழுக்க டூல் ரூமில், அதாவது அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில், நின்றவனிடம் டையைப் பற்றிக் கேட்டால் ஒரே வரியில் பதில் வராது. பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. சுட்ட தோட்டாக் கூட்டில் திரும்பவும் வெடிமருந்தடைத்துச் சுடுகிறாய் என்பது ஆத்தாளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஐயாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீதை பத்திரப்படுத்தி, எல்லாம் முடிந்தபின் போய் மீட்டு வந்த அலைச்சலைப் பார்த்தவள் அவள். இங்கே லைசென்ஸ் வைத்திருப்பவருக்கே தோட்டாவை எண்ணித்தான் கொடுப்பார்கள். நீ இருக்கும் நாட்டுச் சட்டம் வேறு, கிளப்பில் அனுபவசாலிகள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். நான் சொன்னதை நீ மெய்யாக்கி வை.

இனி டை. நான் துப்பாக்கிக்காரன் அல்லன். ஆனால் பித்தளைத் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் வேலை எனக்குத் தெரியும். சுடும்போது கூடு உப்பி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டுகிறது. டை அதைப் பழைய அளவுக்கு ஒடுக்குகிறது. சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துப் பூட்டும் போல்ட் துப்பாக்கியில் கூடு சற்றுத் தடித்திருந்தாலும் கைப்பிடியின் வலுவில் உள்ளே போய்விடும். அதனால்தான் அந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் ரவையை (குண்டை)ப் பிடிக்கும் கூட்டின் ஒடுங்கிய முனையான கழுத்தை மட்டும் ஒடுக்கும் நெக் டையோடு காலம் தள்ளுகிறார்கள். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் உன்னுடைய செமி ஆட்டோமேட்டிக்கில் போல்ட்டை மூடுவது ஒரு ஸ்பிரிங்தான். கூடு இறுகினால் போல்ட் முழுதாகப் பூட்டாமல் நின்றுவிடும். பூட்டாத நிலையில் வெடித்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும். ஆகவே பட்டியலில் மூன்றாவதாக நீ வைத்திருக்கும் நெக் டையை அடித்துவிடு. மலிவு என்று அதன் பக்கம் திரும்பாதே.

மிச்சம் இரண்டு வகை: கூட்டை முழு நீளத்துக்கும் ஒடுக்கும் ஃபுல் லெங்த் டை, அடியை இன்னும் ஒடுக்கும் ஸ்மால் பேஸ் டை. செமி ஆட்டோமேட்டிக் என்றாலே ஸ்மால் பேஸ்தான் என்று யாரோ உன்னிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சாதாரண ஃபுல் லெங்த் டையைவிட அது கூட்டின் அடிப்பகுதியை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுதலாக ஒடுக்கும், அவ்வளவுதான். சேம்பர் இறுக்கமாகக் குடைந்ததாக இருந்தாலோ, வேறு யாருடைய துப்பாக்கியிலோ சுட்டுக் கீழே கிடந்த கூடுகளைப் பொறுக்கி வந்தாலோ அது வேண்டும். உன் துப்பாக்கியில் நீயே சுட்ட கூடு என்றால் பெரும்பாலும் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? தோட்டாக் கூட்டுப் பித்தளை நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம். அழுத்த அழுத்த முறுகும். நம் வீட்டு அண்டாவை ஒடுக்கு எடுத்த கன்னார் கொஞ்சம் தட்டுவார், நெருப்பில் காய்ச்சி இளக வைப்பார், மறுபடி தட்டுவார். நீயும் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். தோட்டாக் கூட்டிலும் கழுத்தையும், அதற்குக் கீழே சரிந்து அகலும் தோளையும் அப்படிக் காய்ச்சி இளக்கலாம். அடிப்பகுதியை மட்டும் காய்ச்சவே கூடாது. மருந்தின் முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுதான், அது கெட்டியாகவே இருக்க வேண்டும். இளக்க வழியில்லாத இடத்தை ஒவ்வொரு தடவையும் தேவைக்கு மேல் நசுக்குவானேன்?

அதனால் டைக்கு முன்னால் கேஜ் (அளக்கும் கருவி) வாங்கு. நல்ல டிஜிட்டல் காலிப்பர், தோள் வரை அளக்கும் கம்பாரேட்டர், கூட்டை நுழைத்துப் பார்க்கும் ஒரு கேஸ் கேஜ். சுட்ட கூட்டில் அடியிலிருந்து தோள் வரை அளந்து எழுதிக்கொள். ஒடுக்கிய பின் தோள் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு பின்வாங்கியிருந்தால் செமி ஆட்டோமேட்டிக்குப் போதும். போல்ட் துப்பாக்கிக்காரர்கள் ஒன்று இரண்டோடு நிறுத்துவார்கள். அந்தக் கணக்கை நீ எடுத்துக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் கவனி: இந்த வகைத் துப்பாக்கியில் கூட்டுக்குள் அழுத்தம் முழுதும் இறங்கும் முன்பே போல்ட் அதை இழுக்கத் தொடங்குவதால், வெளியே விழும் கூடு சேம்பரைவிடச் சற்று நீண்டிருக்கலாம். ஆகவே ஒரே கூட்டை அளந்துவிட்டு முடிவு கட்டாதே. பல கூடுகளை அள.

தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளினாலும் ஆபத்து. ஒவ்வொரு சூட்டிலும் கூடு நீண்டு, அடிக்குச் சற்று மேலே உள்சுவர் மெலியும். நுனி வளைந்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு வருடினால் அந்தப் பள்ளம் நகத்தில் தட்டுவதுபோல் தட்டும். தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போடு.

கேஸ் கேஜில் வில்சன் கம்பெனியுடையது நல்ல சரக்கு. ஆனால் அது காட்டுவது தோள் இருக்கும் இடத்தையும் மொத்த நீளத்தையும்தான். அடியின் குறுக்களவை அது பார்க்காது. வில்சன் கேஜில் சுத்தமாக உட்கார்ந்த கூடு துப்பாக்கிச் சேம்பரில் இறுகினால், அடி தடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஸ்மால் பேஸ் டை வாங்கு, நானே சரி என்பேன். சோதிப்பதற்கு மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெறும் கூட்டையே எடு.

எந்தக் கம்பெனி என்று கேட்டாய். ரெடிங், ஆர்சிபிஎஸ், ஹார்னடி, லீ எல்லாமே எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. எதை வாங்கினாலும், டையை மாட்டி அழுத்தும் உன் பிரஸ்ஸில் பூட்டும். ஆர்சிபிஎஸ் மேல் எனக்கு ஒரு தனி வாஞ்சை. 1943இல், யுத்தக் காலத்தில் ரவை கிடைக்காதபோது, கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் சுட்டுப்போட்ட புள்ளி 22 கூடுகளையே மேலுறையாக வைத்து ரவை அழுத்தும் டை செய்து தொடங்கிய கம்பெனி அது. பட்டறைக்காரன் புத்தி! மிகக் கடினமான கார்பைடில் செய்த டைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதே. கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூட்டுக்கு அதிலும் எண்ணெய் பூசியே ஆக வேண்டும். எண்ணெய் குறைந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். மிகுந்தால் தோளில் குழி விழும்.

கூட்டின் வாயை ரவைமேல் நசுக்கி இறுக்கும் கிரிம்ப் டையும் இப்போது வேண்டாம். ரவையைப் பிடித்து வைப்பது கழுத்தின் இறுக்கம். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினிலிருந்து மேலே ஏறும்போது ரவை உள்ளே அமுங்குகிறதா என்று மருந்தில்லாத தோட்டாவை வைத்து, ஏற்றும் முன்னும் பின்னும் நீளம் அளந்து பார். அமுங்கினால் மட்டும், வாயைச் சாய்வாக லேசாக இறுக்கும் டேப்பர் கிரிம்ப்பைப் பற்றி யோசிக்கலாம். நீ நிரப்பும் புள்ளி 223 தோட்டாவின் கூடு 1.760 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 1.750க்கு வெட்டு. முழுத் தோட்டா 2.260க்குள் இருந்தால்தான் மேகசினில் அடங்கும்.

இராணுவக் கூடு கிடைத்தால் உள்ளே டார்ச் அடித்துப் பார். நடுவில் ஒற்றை ஓட்டை இருந்தால் சரி. இரண்டு ஓட்டை இருந்தால் தொடாதே, பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசி முறிந்துவிடும். சிலவற்றில் பிரைமரைச் சுற்றி நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். அந்த விளிம்பை எடுக்காமல் புதுப் பிரைமரைத் திணிக்காதே. பிரைமர் அடி மட்டத்துக்குக் கீழேதான் உட்கார வேண்டும். உன் துப்பாக்கியில் சுடும் ஊசியைத் தடுக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும்போதே அது பிரைமரில் சின்னப் புள்ளி வைத்துவிடும் என்று நீதான் படம் அனுப்பினாய். தூக்கி நிற்கும் பிரைமரை அந்த ஊசியிடம் கொடுக்கலாமா?

கேஜ் வந்ததும், ஒடுக்கும் முன்னும் பின்னும் உள்ள அளவுகளை எழுதி அனுப்பு. அங்குலக் கணக்கிலேயே எழுது, மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டாம். அடியின் குறுக்களவையும் சேர்த்து எழுது. போன தடவை அதை விட்டுவிட்டாய். மருந்து டப்பாவையும் பிரைமரையும் பேத்திக்கு எட்டாத பூட்டிய அலமாரியில், தனித்தனியாக வை. ஆத்தா மணகோலமும் சீப்புச் சீடையும் பார்சல் கட்டியிருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி
காரைக்குடி