ஞாயிறு ஏரி வேலைக்குப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்கு ராமக்கால் ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டுகிறோம். பிளஸ் டூ முடித்தோ, ஓசூர் கம்பெனி வேலையை விட்டு வந்தோ, அறைக்குள்ளேயே போனோடு கிடக்கும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். போன முறை வந்த தம்பி ஒருவன் யாரிடமும் பேசவில்லை, அப்புறம் ஒரு பெரியவர் காலில் தைத்த முள்ளை ஊக்கால் பக்குவமாக எடுத்துவிட்டான், டீ குடிக்கும்போது அவனாகவே பேச ஆரம்பித்தான். நம்மாலும் ஒருவருக்கு உதவி என்று தெரிவதே மனதுக்குத் தெம்பு. வருகிறவர்களிடம் 'அடுத்து என்ன பண்ணப் போறே' என்று மட்டும் கேட்காதீர்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் ஏரி வேலை போதாது; அரசின் மனநல உதவி எண் 14416 டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.

சனி இரவுக்குள் பெயர் போடுங்கள், டிபன் சொல்ல வேண்டும்.