அப்பாக்களையும் அணியில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு: எங்கள் ரக்பிப் பயணத்தின் நன்றி மடல்

அன்புக்குரியவர்களே,

பதினாறு வயதுக்குட்பட்ட எங்கள் ரக்பிப் பையன்களும் அவர்களுடைய அப்பாக்களும் இங்கிலாந்து, வேல்ஸ் பயணத்தை நல்லபடியாக முடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிட்டோம். பைகளைப் பிரித்தாயிற்று, பிள்ளைகள் தூங்கி எழுந்தாயிற்று. அடுத்த வேலையாக இந்த மடலை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு உதவியவர்களில் பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. விசா படிவங்களைச் சரிபார்த்துத் தந்தவருக்கு, வேல்ஸில் சேறு படிந்த ஜெர்சிகளை இரவோடிரவாகத் துவைத்துக் காயவைத்தவரைத் தெரியாது. விமானக் கட்டணத்துக்குக் கை கொடுத்தவருக்கு, அந்தப் பணத்தில் பறந்த பையன் அங்கே எப்படி ஆடினான் என்று தெரியாது. தனித்தனியாக நன்றி சொன்னால் அவரவர் செய்தது மட்டும்தான் அவரவருக்குத் தெரியும். எல்லாரும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்துவிடும்.

முதல் நன்றி எங்கள் பயிற்சியாளருக்கு. இளம் அணிகள் வெளிநாடு போவது ரக்பியில் புதிதல்ல. அப்பாக்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றது அவருடைய யோசனை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: வருகிற எந்த அப்பாவும் வேடிக்கை பார்க்க வரக் கூடாது. தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பை, டேக்கிள் (எதிராளியை மோதிப் பிடித்து வீழ்த்துவது) பயிற்சிக்கான பேடுகள், துவைக்கும் துணி என்று ஆளுக்கொரு பொறுப்பு எழுதி ஒட்டினார். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும்போது கை தட்டலாம், நடுவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது, சொந்தப் பிள்ளைக்கு அங்கிருந்து யோசனை சொல்லவும் கூடாது என்றார். வீட்டில் அதிகம் பேசாத அப்பாக்கள்கூட மைதான ஓரத்தில் சத்தம் போடுவது வழக்கம். அதை நிறுத்தியதில் மகன்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை இரண்டாவது ஆட்டத்திலேயே பார்த்துவிட்டோம். பந்து கை நழுவினால் ஓரத்தைத் திரும்பிப் பார்ப்பதை அவர்கள் அறவே விட்டுவிட்டார்கள்.

எல்லாப் பையன்களுக்கும் அப்பா வர முடிகிற நிலை இல்லை. ஒருவனுக்கு அப்பா உயிரோடு இல்லை. இன்னொருவனுடைய அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் அணியின் செயலாளர் அம்மா, அச்சுக்குப் போன தாளைத் திரும்ப வாங்கி, அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு ‘உடன் வருபவர்’ என்று தன் கையால் எழுதி, அதன் பிறகே எல்லாருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தார். தாய்மாமா ஒருவரும் தாத்தா ஒருவரும் எங்களோடு வந்தார்கள். அந்தத் தாத்தாதான் கடைசிவரை எங்களில் முதலில் எழுந்து தயாரானவர். அம்மா, அந்த ஒரு வரியை மாற்றியதற்கு அந்த இரண்டு வீடுகளும் உங்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கின்றன என்பதை நான் நேரில் கேட்டேன்.

தாள் வேலைகளைப் பற்றி வெளியே யாருக்கும் தெரிவதில்லை. இளம் அணி கடல் கடந்து ஆட வேண்டுமென்றால் சொந்த நாட்டு ரக்பிச் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும், போகிற நாட்டுச் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும். பெற்றோரில் ஒருவரோடு மட்டும் பயணம் செய்யும் சிறுவனுக்கு மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருப்பது நல்லது. இவற்றையெல்லாம் ஒவ்வொரு பையனுக்கும் தனிக் கோப்பாக அடுக்கி, ஆஸ்துமா இன்ஹேலர் யாருக்கு, எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது வரை எழுதி வைத்த அண்ணனுக்கு நன்றி. காப்பீட்டு விஷயத்தில் நம்மை அவர்தான் காப்பாற்றினார். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில், உடலோடு உடல் மோதும் விளையாட்டில் படும் காயத்துக்குப் பணம் கிடையாது என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை வரி விடாமல் படித்து, ரக்பி ஆட்டத்தையும் சேர்த்த காப்பீட்டுக்கு மாற்ற வைத்தார். வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகும் மற்ற அணிகளும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தன் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஒரு பையனின் முழுச் செலவையும் ஏற்றவருக்கு: அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் இன்றுவரை நீங்கள் யாரென்று தெரியாது. அவன் இரண்டு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) எடுத்தான். அதைவிட, விமானத்தில் முதன்முறை ஏறிய அவன் அப்பா ஜன்னலோர இருக்கையை மகனுக்குக் கொடுக்க, மகன் அப்பாவையே அங்கே உட்கார வைத்ததை நான் பக்கத்து வரிசையிலிருந்து பார்த்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

இனி வேல்ஸ் நண்பர்களுக்கு. விடுதியில் தங்க வேண்டாம், எங்கள் வீடுகளில் தங்குங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அப்பா, ஒரு மகன். நாங்கள் வந்து இறங்கிய மாலையே மழை. நனைந்த பூட்ஸ்களுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நள்ளிரவில் எழுந்து ஈரமான தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைத்தார் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அடுப்புக்கு அருகே வைத்தால் தோல் வெடித்துவிடும் என்று என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஊர் திரும்பியதும் என் மகன் தன் பூட்ஸுக்கு அதையே செய்துகொண்டிருக்கிறான்.

முதல் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் எங்கள் பிராப் ஒருவனுக்குத் தோளில் பிசகிக்கொண்டது. ரக்பி தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இரு அணியினரும் குனிந்து, தோளோடு தோள் பிணைந்து, பந்துக்காக ஒருவரை ஒருவர் தள்ளுவதுதான் ஸ்க்ரம். இரு ஓரத்திலும் பிராப், நடுவில் ஹூக்கர் என்று அதன் முன்வரிசையில் நிற்கும் மூவரின் கழுத்திலும் தோளிலும்தான் பாரம் இறங்கும். அதற்குப் பயிற்சி பெறாதவனை அங்கே நிறுத்தக் கூடாது. தகுந்த ஆள் இல்லையென்றால் இரு பக்கமும் தள்ளாமல் வெறுமனே பிடித்து நிற்கும் ஸ்க்ரமாக ஆட்டம் நடக்கும். பையன்களுக்கு அதில் பாதி சந்தோஷம் போய்விடும். எதிரணியின் பயிற்சியாளர் விஷயத்தைக் கேட்டார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தன் அணியிலிருந்து பயிற்சி பெற்ற பிராப் ஒருவனைக் கூப்பிட்டு, “இன்று நீ இவர்களுக்கு ஆடு” என்றார். அந்தப் பையன் எங்கள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் தன் நண்பர்களையே எதிர்த்து முழு பலத்தோடு தள்ளினான். அன்று நாங்கள் தோற்றோம். ஆனால் ஆட்டம் முடிந்து இரு அணியும் வரிசை கட்டிக் கை தட்டியபோது அவன் எந்த வரிசையில் நிற்பது என்று தயங்க, எங்கள் ஹூக்கர் அவனைத் தோளில் கை போட்டு இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். தம்பி, அந்த ஜெர்சி உனக்கே. அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய் என்று அறிந்தோம். மறுபடி உனக்கே அனுப்பி வைத்திருக்கிறோம், வைத்துக்கொள்.

அந்த ஆட்டத்தின் நடுவருக்கும் நன்றி. ஆரம்பிக்கும் முன்பு உடைமாற்றும் அறைக்கு வந்து இரு அணிகளின் முன்வரிசைப் பையன்களையும் சேர்த்து உட்கார வைத்தார். ஸ்க்ரம் தொடங்கச் சொல்லும் ‘க்ரௌச், பைண்ட், செட்’ (குனி, பிடி, சேர்) என்ற அழைப்பைத் தன் குரலில், தன் வேகத்தில் சொல்லிக் காட்டி அவர்களைச் செய்ய வைத்தார். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்ற விதியை நினைவூட்டினார். வேற்று நாட்டு உச்சரிப்பு காதுக்குப் பழகாத எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய உதவி.

அடுத்து, எல்லாவற்றையும்விட நான் அதிகமாகச் சொல்ல விரும்பும் நன்றி. இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் டேக்கிள் செய்யும்போது எதிராளியின் இடுப்பில் தலை மோதி விழுந்தான். உடனே எழுந்தும்விட்டான். எங்களுக்கெல்லாம் அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்தக் கிளப்பின் முதலுதவியாளர் அம்மா அதற்குள் மைதானத்துக்குள் ஓடிவிட்டார். இது எந்த மைதானம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் சரியாகச் சொன்னான். மூன்றாவதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. கடைசி டிரை எடுத்தவன் அவனேதான்.

“எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகிறேன்” என்று கெஞ்சினான். அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தேகம் இருந்தால் வெளியே உட்கார வைப்பதுதான் விதி என்று சொல்லி அழைத்து வந்தார். பிரிட்டனில் அடிமட்ட விளையாட்டுகளுக்கென 2023-இல் வந்த வழிகாட்டுதல் அதுதான். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி ஆடக் கூடாது. முதல் 24 மணி நேரம் தனியே விடக் கூடாது. போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும். அதாவது அவனுடைய பயணத்தில் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அவன் அப்பாவுக்கு மகன் ஆடுவதைப் பார்க்கத்தான் அத்தனை ஆசையும். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மண்டியிட்டு மகனின் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார், மவுத்கார்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மகனின் முதுகில் கை வைத்தபடி ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? 111 எண்ணை அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்டார். தலைவலி கூடுகிறதா, வாந்தி வருகிறதா, எழுப்பினால் தெளிவாகப் பேசுகிறானா என்று பார்க்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டினார். விளக்கை மங்கலாக்கினார். பையனின் கைபேசியை அன்போடு வாங்கித் தன் அலமாரியில் வைத்தார். அந்த இரவு பாதி அப்பா விழித்திருந்தார், பாதி பாட்டி விழித்திருந்தார். பையன் இப்போது நலமாக இருக்கிறான் பாட்டி. ஊர் வந்ததும் மருத்துவரிடம் காட்டினோம், படிப்படியாகத்தான் ஆட்டத்துக்குத் திரும்புகிறான். மீதிப் பயணம் முழுக்க அப்பாவும் மகனும் சேர்ந்து தண்ணீர் பாட்டில் சுமந்தார்கள்.

இங்கிலாந்தில் இந்த ஆட்டத்துக்குப் பெயர் தந்த ரக்பி நகரத்துக்குப் போன நாளைப் பற்றியும் கொஞ்சம். ரக்பி பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிக் காட்டிய பெரியவருக்கு நன்றி. 1823-இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான் என்று கல்வெட்டு சொல்கிறது. அவன் பெயரில்தான் ஆண்கள் ரக்பி உலகக் கோப்பையே இருக்கிறது. அதைக் காட்டிவிட்டு, இந்தக் கதை வெளிவந்தது 1876-இல், அதற்கு 4 ஆண்டுகள் முன்பே எல்லிஸ் இறந்துவிட்டார், உறுதியான சான்று கிடையாது என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். சான்று உள்ளது எது என்று ஒரு பையன் கேட்டான். 1845-இல் இந்த ஆட்டத்தின் விதிகளை முதன்முதலில் எழுத்தில் வைத்தவர்கள் இந்தப் பள்ளியின் மாணவர்களே என்றார். எங்கள் பையன்களுக்குக் கல்வெட்டைவிட அதுதான் பிடித்துப்போயிற்று. திரும்பும் பேருந்தில், தாங்கள் எழுதினால் எந்த விதியை மாற்றுவார்கள் என்று ஒரே வாக்குவாதம். அப்பாக்களும் விடவில்லை. வண்டி ஓட்டிய நண்பர் பழைய பிராப், அவரும் சேர்ந்துகொண்டார். எங்களுக்காக ஒவ்வொரு இடத்திலும் காத்து நின்றதற்கு அவருக்கும் நன்றி.

கார்டிஃபில் வேல்ஸ் தேசிய ரக்பி அணி ஆடும் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியத்தைச் சுற்றிக் காட்டியவர், வீரர்கள் வெளியே வரும் வழியில் எங்களை அப்பாவும் மகனுமாக ஜோடி ஜோடியாக நடக்க விட்டார். மேலே திறந்து மூடும் கூரை, சுற்றிலும் காலி இருக்கைகள். அந்தப் புகைப்படங்கள் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. பொறுமையாக எல்லாரையும் எடுத்துத் தந்ததற்கு நன்றி.

கடைசி நாளில் அப்பாக்களுக்கும் மகன்களுக்கும் டச் ரக்பி ஏற்பாடு செய்தீர்கள். மோதல் கிடையாது, தொட்டால் போதும். வேல்ஸ் அப்பாக்கள் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள், வேல்ஸ் பையன்கள் எங்கள் பையன்களோடு. முன்னோக்கிப் பந்தை எறியக் கூடாது என்பதை எனக்கு என் மகன் ஓடிக்கொண்டே கற்றுக்கொடுத்தான். இத்தனை வருடம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தே பழகிய எனக்கு, அவனிடம் கேட்டுக்கொள்வது அவ்வளவு இனிமையாக இருந்தது. இதற்காக மட்டுமே இன்னொரு முறை வரலாம்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இதிலேயே எழுதிவிடுகிறேன். அப்பாவும் பையனும் இல்லாத வீட்டை, வேலையையும் சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் சேர்த்து நீங்கள் பார்த்துக்கொண்டதால்தான் நாங்கள் கிளம்ப முடிந்தது. நிதி திரட்டிய மாலைகளில் மேசை போட்டதும் நீங்கள்தான், கடைசியில் கூட்டிப் பெருக்கியதும் நீங்கள்தான். அடுத்த பயணத்தில் அம்மாக்களும் மகன்களும் போவதென்று பேச்சு எழுந்திருக்கிறது. தாள் வேலை, துணி மூட்டை, வீட்டுப் பொறுப்பு எல்லாம் எங்களுடையது.

வேல்ஸ் நண்பர்களே, பயணக் கணக்கை முடித்ததில் மிஞ்சிய தொகையை உங்கள் வருகைக்கென்று தனியே எடுத்து வைத்திருக்கிறோம். எங்கள் வீடுகளில் உங்களுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. எந்தப் பள்ளி விடுமுறையில் வர வசதிப்படும் என்று சீக்கிரம் எழுதுங்கள், இரு சங்கங்களின் ஒப்புதலுக்கும் விண்ணப்பிக்க நேரம் வேண்டும். முன்வரிசையில் ஆள் குறைந்தால் கவலைப்படாதீர்கள், எங்கள் பிராப் இருவரும் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

மிகுந்த நன்றியுடனும் அன்புடனும்,
பயணத்தில் வந்த அப்பாக்கள், ஒரு தாய்மாமா, ஒரு தாத்தா, அனைத்துப் பையன்கள் சார்பில்
அணியின் ஒரு தந்தை