தங்கை மகன் வருமுன்

அன்புள்ள செல்வம்,

வாட்ஸப்பில் குரல் அனுப்பாமல் தாளில் எழுதியிருக்கிறாயே, படித்தபோது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு முட்டிவலி தேவலை. ஏணி ஏறுவதை மட்டும் குறைத்துவிட்டேன்.

உன் தங்கை மகன் கட்டுமான வேலைக்கு இங்கே சிங்கப்பூருக்கு வருகிறான், ஏஜெண்டுக்குப் பணம் கட்டியாச்சு என்று எழுதியிருந்தாய். எவ்வளவு என்று எழுதவில்லை. சிங்கப்பூர் ஏஜெண்டு ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஊரில் வாங்குகிறவனை அந்தச் சட்டம் தொடாது. கடன் அங்கேதான் ஏறுகிறது, கடன் இருப்பவன் இங்கே வாயைத் திறக்க மாட்டான்.

என் பக்கத்துக் கட்டில் பையன் கதையைச் சொல்கிறேன். ஐபிஏ கடிதத்தில், அதாவது வேலை பெர்மிட்டுக்கு முன்கூட்டியே தரும் ஒப்புதல் கடிதத்தில், 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படைச் சம்பளம் என்று இருந்தது. வந்த பிறகு கையில் 600. ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், என்னவென்று அவனுக்கே தெரியாது. கேட்டால் பெர்மிட்டை கேன்சல் பண்ணிவிடுவார்கள் என்று ஒன்றரை வருடம் பொறுத்தான். கடைசியில் புகார் கொடுக்க நானே கூட்டிப்போனேன். முதலில் சமரசப் பேச்சு. அதில் தீராவிட்டால், 2017-ல் இதற்கென்றே தொடங்கிய நடுவர் மன்றம். அங்கே வக்கீலுக்கு இடமில்லை, முதலாளி பக்கமும் கிடையாது. ஆனால் வேலையில் இருந்துகொண்டு கேட்டால் ஒரு வருடத்துக்குள் வந்த பாக்கிதான் செல்லும், முந்தைய ஆறு மாதக் காசு போச்சு. வேலையை விட்டவனுக்கு ஆறே மாத அவகாசம். பொறுமையால் நஷ்டப்பட்டவனை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அவனைக் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த சைட், எத்தனை மணிக்கு ஏறினோம், எத்தனை மணிக்கு லாரி திரும்பியது, எல்லாம் தினமும் எழுதி வைத்திருந்தான். சமரசத்திலேயே முடிந்தது. வேறு கம்பெனிக்கு மாறவும் மனிதவள அமைச்சு அனுமதித்தது.

வேலையில் நாட்டையும் மொழியையும் வைத்து ஒதுக்குவதற்கு எதிராகவும் 2025 ஜனவரியில் சட்டம் நிறைவேற்றினார்கள். 25 பேருக்குக் குறைவான கம்பெனிகளுக்கு இப்போதைக்கு விலக்கு. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்த மாதிரி சின்ன சப்-கான்ட்ராக்டர்களிடம்தான், அதனால் நான் பெரிதாகக் குதிக்கவில்லை.

சரி, பையனிடம் சொல். ஐபிஏ தமிழிலும் வரும், விமானம் ஏறுமுன் படித்து போட்டோ எடுத்து உனக்கு ஒன்று அனுப்பட்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம், முதலாளி பிடித்து வைப்பது இங்கே குற்றம். அடிபட்டால் சின்னக் காயம் என்று மறைக்காமல் அன்றே டாக்டரிடம் போகட்டும். சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடக் கிழித்துப் போட வேண்டாம்.

வந்த முதல் ஞாயிறு தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு, வரச் சொல், நோட்டு நான் வாங்கித் தருகிறேன். அப்புறம், அத்தை கண் ஆபரேஷன் என்ன ஆச்சு? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

உன்,
ராசு