மூப்பு மருந்து ஆய்வில் சேரவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மூப்பைத் தாமதப்படுத்தும் மருந்துகளைத் தேடும் நிறுவனம் ஒன்றில் சேரவிருப்பதாக எழுதி, மனிதரின் ஆயுளை நீட்டுவது அறம்தானா என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதால் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

இது இயற்கைக்கு விரோதமானது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நாடு விடுதலை பெற்றபோது ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்த இந்தியரின் சராசரி ஆயுட்காலம் இன்று 70 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளை வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அவை வந்த வழியைக் கவனி. பெரும்பகுதி, தடுப்பூசியாலும் நல்ல குடிநீராலும் தொற்றுநோய் மருந்துகளாலும் குழந்தைகள் பிழைத்ததால் வந்தவை. இப்போது தேடப்படும் ஆண்டுகளோ தனி மனிதர் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. அமெரிக்க ஆண்களில் வருமானத்தின் உச்சியிலுள்ள 1 சதவீதத்தினருக்கும் அடியிலுள்ள 1 சதவீதத்தினருக்கும் ஆயுட்காலத்தில் 14.6 ஆண்டுகள் வேறுபாடு இருப்பதாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூப்பு மருந்து எதுவும் சந்தைக்கு வராத காலத்து இடைவெளி அது. அதியமானுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நெல்லிக்கனி; உண்பதா, ஔவைக்குக் கொடுப்பதா என்பதோடு அவன் சிக்கல் முடிந்தது. தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் செய்யக்கூடிய மாத்திரைக்கு அந்தச் சாக்கு கிடையாது.

நான் கவலைப்படுவது, எந்த மருந்தைச் சோதிப்பது என்பதை எது தீர்மானிக்கிறது என்பதைப் பற்றியே. மெட்ஃபார்மினை உதாரணமாக எடுத்துக்கொள். 1957 முதல் நீரிழிவுக்குக் கொடுக்கப்பட்டுவரும், காப்புரிமை காலாவதியான, மிக மலிவான மருந்து அது. 10 கோடிக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகள் உள்ள நம் நாட்டில் அதன் பெயரைக் கேட்டிராத குடும்பம் குறைவு. அதை உட்கொள்ளும் நோயாளிகள் நீரிழிவு இல்லாதவர்களைவிடச் சற்று அதிகம் வாழ்வதாக 2014இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று நம்பிக்கையூட்டியது. 2022இல் வந்த டேனிஷ் ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. எலிகளிலும் வேறு மருந்தோடு சேர்க்காமல் தனியாகக் கொடுத்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. எனவே மனிதரிடம் முறையாகச் சோதித்தால்தான் விடை கிடைக்கும். 65 முதல் 79 வயது வரையுள்ள சுமார் 3,000 பேரிடம் அப்படிச் சோதிக்க மூப்பு ஆய்வாளர் நிர் பார்சிலாய் வகுத்த திட்டம், தேவையான பணம் முழுவதும் திரளாமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அதே காலத்தில், 2022இல், செல்களை இளமைக்குத் திருப்பும் ஆய்வுக்கென ஆல்டோஸ் லேப்ஸ் என்ற நிறுவனம் 300 கோடி டாலருடன் தொடங்கப்பட்டது. முதலீட்டாளரை நான் குறைசொல்லவில்லை. லாபம் தராத மாத்திரையைச் சோதிப்பது அவர்கள் வேலை அல்ல. அரசுகளின் வேலை அது, அவை செய்யவில்லை.

இன்னொன்று, சோதனைக்கு உட்படுபவர் நோயாளி அல்லர் என்பது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த ராபமைசின், 2009இல் வெளியான ஆய்வில் முதிய எலிகளின் ஆயுளை நீட்டியது உண்மை. ஆனால் அது சிறுநீரக மாற்று சிகிச்சையில் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கக் கொடுக்கப்படும் மருந்து. புற்றுநோயாளி ஒருவர் ஏற்கும் பக்கவிளைவை, நலமாக நடமாடும் 50 வயதுக்காரரிடம் ஏற்கச் சொல்ல நமக்கு அதைவிடப் பன்மடங்கு வலுவான காரணம் வேண்டும்.

உன் நிறுவனமும் ஒருநாள் இந்தியாவில் தன்னார்வலர்களைத் தேடலாம். நம் 2019ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளின்படி, மாற்றுச் சிகிச்சை இல்லாத நோய்க்கான சோதனையில் மருந்து ஒருவருக்குப் பயன்பட்டதாக ஆய்வு மருத்துவர் கண்டு பரிந்துரைத்து, அறநெறிக் குழுவும் ஒப்பினால், சோதனை முடிந்த பின்னும் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மூப்போ இன்னும் ஒரு நோயாகவே ஏற்கப்படவில்லை. பயன்பட்டதா என்பது தெரிய இருபது ஆண்டுகள் ஆகலாம். அப்படியானால் அந்தத் தன்னார்வலருக்கு நிறுவனம் பட்டிருக்கும் கடன் என்ன? சேரும் முன் இதை அவர்களிடம் கேட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்