குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனை மலையிலேயே வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைமாதத்தில் பிறந்த என் தங்கை மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது சத்து மருந்து, தடுப்பூசித் தேதி எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வந்த கிராம செவிலியர்தான் சீட்டைப் புரட்டிவிட்டு, "விழித்திரை பார்த்தாச்சா?" என்று கேட்டார்.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது நம் நாட்டு வழிகாட்டுதல். முழுதாக வளராத ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பெருகினால் விழித்திரையே பிய்ந்து வந்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நேரத்தோடு லேசர் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

ஆனால் கோத்தகிரியிலிருந்து அந்தப் பொடிசைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய்த் திரும்ப வேண்டுமே! அதுவும் ஒரு தடவையோடு முடியாது. ஓரிரு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள். தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவர் எத்தனை நாள் கூலியை விடுவார்?

கர்நாடகக் கிராமங்களில் 2008 முதல் நடக்கும் 'கிட்ராப்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் கேமராவோடு போய் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். மருத்துவர் தொலைவிலிருந்தே பார்த்துச் சொல்கிறார். ஊட்டிக்கும் கூடலூருக்கும் வாரம் ஒருநாள் அப்படியொரு கேமரா வரட்டும். நிதி ஒதுக்க நாளாகும் என்றால் சரி, அதுவரை டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதியையாவது சிவப்பு மையில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, கோத்தகிரி